சாக்பீஸ் வீட்டில் ஒரு மதியம்

ரூபஸுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலில் இருக்கும். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் ஆவடி, அம்பத்தூர், குமணன்சாவடி என்று பதினோரு வாடகை வீடு மாறியாகிவிட்டது. ஒன்றில் கூரை கொதிக்கிறது, ஒன்றில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், ஒன்றில் கதவு பீரோவில் இடிக்கிறது. அடுத்தவர் கட்டிய வீட்டில் குற்றம் கண்டுபிடிப்பதில் ஆள் கில்லாடி. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக் கட்டி அவர் மனைவி செலினுக்குத்தான் அலுத்துப்போயிற்று.

அந்தக் குடைச்சல்தான் கம்பெனியில் வரைபடம் போடும் வேலையை விடவைத்தது. கள்ளிக்குப்பத்தில் ஒரு ஷெட் பிடித்தார். இரும்புச் சட்டம், சிமென்ட் பலகைச் சுவர், வெயில் உள்ளே இறங்காதபடி நடுவில் காற்று ஓடும் இரட்டைக் கூரை. இரண்டு பாதியாகச் செய்து, லாரியில் கொண்டுபோய் மனையில் இறக்கி, போல்ட் போட்டு இணைத்தால் முந்நூறு சதுர அடியில் ஒரு வீடு. மழைத் தண்ணீர் தொட்டிக்குப் போகும், சமையலறைத் தண்ணீர் வாழைக்குப் போகும். வேறு ஊர் போக வேண்டுமென்றால் வீட்டையே கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். வீடு மாறியே பழகிய ஆளுக்கு வேறென்ன தோன்றும்!

ஆனால் மூன்று வருடமாக விலைபோனதெல்லாம் செக்யூரிட்டி அறையும் சைட் ஆபீசும்தான். ஒரு குடும்பம்கூடக் குடிவரவில்லை. செலின் கடைசியில் ஒரு முடிவு சொன்னாள்.

"இந்த மாங்காட்டு அம்மாவோட வீட்டை முடிங்க. அவங்க அதுல குடிவந்துட்டா நான் வாயே திறக்கமாட்டேன். வரலன்னா பழைய வேலைக்கே போயிடுங்க."

சரி என்றார் ரூபஸ்.

மாங்காட்டு அம்மா என்பது மங்களம். தொழிற்பேட்டை கேன்டீன் ஒன்றில் சமைக்கிறவர். ஆறு குடித்தனம் வரிசையாக இருக்கும் வாடகை வீட்டில் இருபது வருடம் கழித்துவிட்டு, இப்போதுதான் பக்கத்துத் தெருவில் சொந்தமாக அரை கிரவுண்டு மனை. அவருடைய அண்ணன் அழகேசன்தான் எதிர்க்கட்சி. "போயும் போயும் டப்பா ஊட்ல குடியிருக்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ரூபஸ் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பலகையை வெட்டுமுன் ஷெட் தரையில் சாக்பீஸால் வீட்டை முழு அளவில் வரைந்துவிடுவது. குடியிருக்கப் போகிறவர் தட்டுமுட்டுச் சாமானோடு வந்து ஒரு மதியம் அதற்குள் புழங்க வேண்டும். மங்களம் அதைக் கர்மசிரத்தையாகச் செய்தார். பாய் விரித்தார், அடுப்பு மூட்டி ரசமே வைத்துவிட்டார். ரூபஸின் வேலை ஸ்டூலில் உட்கார்ந்து மங்களத்தின் கால் போகும் வழியைக் குறித்துக்கொள்வது. பத்து நிமிடம் உட்கார்ந்தார். பிறகு ஒரு கீல் ஞாபகம் வந்தது. அப்புறம் டீ, அப்புறம் ஒரு போன். திரும்பி வந்தபோது மங்களம் சாமான்களைக் கட்டிவிட்டிருந்தார். "நல்லாக்கீது சார்" என்றார்.

அது போதுமென்று தரையைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் பலகையை வெட்டினார். சமையலறைப் பின்சுவர் முழுக்க, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, அலமாரி வைத்தார். அதைப் போட்டோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

லாரி வருவதற்கு முந்தின நாள் மதியம், ஏதோ ஒரு அளவில் சந்தேகம் வந்து தார்ப்பாயைத் தூக்கினார். கோடெல்லாம் அப்படியே இருந்தது. அடுப்புக்குப் பின்னால் மட்டும் இரண்டடிக்குச் சுவரையே காணோம்.

"இதை யாருப்பா அழிச்சது?"

வெல்டர் கிஷோர் முகமூடியைத் தூக்கினான். "யாரும் அழிக்கல அண்ணாத்தே. அந்தம்மா அன்னிக்கு அது மேலயே போய்கினு வந்துகினு இருந்துச்சு. சொவத்துல போறியேம்மான்னு கேக்கலாம்னு பார்த்தேன். நீ பார்த்துகினு இருப்பேன்னு உட்டுட்டேன்."

ரூபஸ் பைக்கை எடுத்துக்கொண்டு மாங்காட்டுக்குப் பறந்தார். மங்களத்தின் சமையலறையில் ஒரு பின்கதவு. வெளியே துவைக்கிற கல், குழாய். அவர் நின்ற அரை மணி நேரத்தில் மங்களம் ஒன்பது முறை அந்தக் கதவைத் தாண்டினார். புது மனையிலும் குழாய் பின்பக்கம்தான். ரூபஸ் போட்டிருந்ததோ வாசலில் ஒரே ஒரு கதவு.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொவருன்னு தெரியும் சார். படிச்சவங்க போட்டுக்கீறீங்க, பழகிக்கலாம்னு பார்த்தேன். காலு கேக்கல." மங்களம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "மீன் கழுவுன தண்ணிய ஹால் வழியா எட்துகினு போவணும். அண்ணன் வேற சொல்லிகினே கீறாரு. எனுக்கே ரெண்டு நாளா வேணாம்னுதான் தோணுது."

ரூபஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருடம் யார் யாரையோ திட்டிய தப்பை அவரே செய்து, பெயின்ட்டும் அடித்து வைத்திருக்கிறார்.

லாரியை இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மங்களத்தை மறுபடி வரவழைத்துச் சாக்பீஸ் வீட்டில் புழங்கவிட்டார். இந்தமுறை போனைக் கிஷோரிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கால் துடித்தது, முதுகு அரித்தது, கதவு மூலையில் ஒரு போல்ட் அவரைப் பார்த்துக் கூப்பிட்டது. இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தார். பிறகு அந்த அலமாரியைத் தானே அறுத்துக் கதவு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாங்காட்டில் பால் காய்ச்சினார்கள். அழகேசன் கையைக் கட்டிக்கொண்டு வந்தார், சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மங்களம் பால் பாத்திரத்தோடு பின்கதவு வழியாகப் போய்க் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். கதவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் அழகேசன் அந்தப் பின்படியில் உட்கார்ந்துகொண்டு, "காபி கீதா?" என்று கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த ரூபஸ் சமையலறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

செலின் திரும்பிப் பார்த்தாள். "என்ன, இந்த வீட்டையும் மாத்தணுமா?"

"இல்ல. நீ பாட்டுக்கு நட. நான் பார்க்கிறேன்."

"பதினெட்டு வருஷமா நடந்துகிட்டுதானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, செலின் அவரைச் சுற்றிக்கொண்டு குடத்தோடு வெளியே போனாள்.

இங்கே சமையலறைக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் தெருவாசல் பம்பில்தான். இந்த வீட்டில் ஜன்னல் சரியில்லை என்று எட்டு மாதமாக முணுமுணுத்தவருக்கு அது தெரியாது. செலின் மூன்றாவது குடத்துக்குக் கிளம்பியபோது ரூபஸ் எழுந்து அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.