நார்ப் கழுவிய வாளி

என் தங்கை ஜெனட்டின் கணவன் நார்பர்ட் கபின்ஸ்கிக்கு உட்காரத் தெரியாது. சாப்பாட்டு மேஜையில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். டிவி பார்க்கும்போது ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவான். கோயிலில் ஜபத்துக்குத் தலை குனிந்தால்கூட, முன்பெஞ்சில் ஒரு ஆணி தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து என் காதில் கிசுகிசுப்பான். அப்படிப்பட்டவனைத்தான் இதய டாக்டர் "வீட்டில் சும்மா இருங்கள்" என்று அனுப்பிவைத்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். கூட இருந்து மாரடிப்பது ஜெனட்டும் அவள் அக்கா நானும் அல்லவா?

மில்வாக்கி நகரத்தின் தெற்குப் பக்கம் எங்கள் வீடு. கீழ்வீட்டில் அவர்கள், மேல்வீட்டில் நான். துணி துவைக்கும் மெஷினும் சிமென்ட் தொட்டியும் நிலவறையில், எல்லாருக்கும் பொது. நார்ப் என்றுதான் நாங்கள் அவனைக் கூப்பிடுவோம்; நகராட்சியில் தெருப் பனியை வாரித் தள்ளும் வண்டி ஓட்டியவன். பனி கொட்டினால் ஊரே போர்வைக்குள் சுருண்டுகொள்ளும்; இவன் பூட்ஸைத் தேடுவான். போன மார்ச்சில் வண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அதோடு வேலை போயிற்று. ஆனால் கடைகளின் கார் நிறுத்தங்களில் பனி வாரும் காண்ட்ராக்டர் கஸ், வெயில் குறைந்ததுமே போன் போட ஆரம்பித்துவிட்டான். உனக்கென்று ஒரு வண்டி நிற்கிறது, பனி விழுவதற்குள் பதில் சொல் என்று நச்சரிப்பு.

"அந்த வண்டில ஏறினான்னா அவனைப் பொணமாத்தான் இறக்குவாங்க, கொரீன்" என்று ஜெனட் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

எனக்கும் பயம்தான். அவன் படுத்தும் பாட்டைத் திட்டித் தீர்க்கிறேனே தவிர, கீழ்வீட்டில் அந்தத் தட்டலும் உருட்டலும் ஒருநாள் நின்றுபோய்விடுமோ என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிறேன். அவன் கையைக் கட்டிப்போட ஏதாவது வேண்டும் என்று யோசித்து, பிறந்தநாளுக்கு வீட்டிலேயே பீர் செய்யும் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பிளாஸ்டிக் வாளி, மூடி, குழாய், கிருமிநாசினி, ஒரு டப்பா பார்லி மால்ட் பாகு, அதை நொதிக்கவைக்க ஒரு பாக்கெட் ஈஸ்ட். பீர் தானாகத்தான் ஆகும், அவசரப்படுத்த முடியாது. அதோடு சேர்ந்து இவனும் காத்திருக்கப் பழகுவான் என்று கணக்குப் போட்டோம்.

கணக்கு தப்பு. மால்ட் பாகைக் காய்ச்சி ஆறவைத்து ஈஸ்டைத் தூவிய நிமிஷத்திலிருந்து அவன் நிலவறைப் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். மூடியைத் திறப்பான், மோந்து பார்ப்பான், மூடுவான், மறுபடி திறப்பான்.

"மூடித் தொலையேன்டா! உள்ள என்ன குழந்தையா பொறக்குது?" என்று ஒருநாள் துணி எடுக்கப் போனபோது கத்தினேன்.

"சத்தம் போடாத கொரீன், ஈஸ்ட் பயந்துக்கும்" என்றான்.

முதல் பீர் புளித்தது. இரண்டாவது அதைவிட மோசம், வினிகர்தான். மனிதன் மனதுக்குள் நொறுங்கிப்போனான். மூன்றாவது தடவைக்கு ஈஸ்ட் வாங்க நான்தான் காரோட்டிக் கூட்டிப்போனேன். கடை வைத்திருப்பவள் மாய் தாவ் என்ற பெண்; எதற்கும் அலட்டிக்கொள்ளாத சுபாவம்.

"லாகர் பீருக்கு ஈஸ்ட் குடு. எங்கப்பா குடிச்சது அதான்" என்றான் நார்ப்.

"பீர் வைக்கத் தனியா ஃப்ரிட்ஜ் இருக்கா?"

"இல்ல."

"லாகர்னா குளிர்லயே வாரக்கணக்கா கெடக்கணும். பொறுமையா இருப்பீங்களா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"அப்ப ஏல் பீருக்கான ஈஸ்டே எடுத்துக்கங்க. உங்க நிலவறைச் சூடே அதுக்குப் போதும், வேலையும் சீக்கிரம் முடிஞ்சிரும். இந்த பாக்கெட் ரொம்ப சாது. புதுசா செய்யறவங்க என்ன தப்பு பண்ணாலும் பொறுத்துக்கும்."

"ஜெனட்டுக்கு ஒரு பாக்கெட் சேர்த்துக் குடேன்" என்றான் நார்ப்.

"முதல் ரெண்டும் புளிச்சிருச்சுன்னீங்களே, கிருமிநாசினி போட்டப்புறம் வாளியை அலசறீங்களா?" என்றாள் மாய்.

"அலசாம? நுரையோடயா பீரை ஊத்துவாங்க?"

"அது சோப்பு நுரை இல்லங்க. அலசினா குழாய்த் தண்ணில இருக்கறது திரும்ப ஒட்டிக்கும். நுரை பாட்டுக்கு இருக்கட்டும், விட்டுருங்க."

நார்ப்பின் முகம் மலர்ந்துவிட்டது. பீரைக் கெடுத்த திருடன் அகப்பட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டான். பாக்கெட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே ஓடினான். மாய் என்னைக் கூப்பிட்டு, "மெத்துனு இருக்கற துணியால மட்டும் வாளியைத் தேய்க்கச் சொல்லுங்க. பிளாஸ்டிக்ல கீறல் விழுந்தா கிருமி அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். அப்புறம் எந்த மருந்தும் அதை எட்டாது" என்றாள். அதற்குள் வெளியே கார் ஹாரன் அலறியது. அந்த எரிச்சலில் அவள் சொன்னது என் மூளையை விட்டே போய்விட்டது.

அன்று சாயங்காலம் முழுக்க நிலவறையிலிருந்து சர் சர்ரென்று தேய்க்கும் சத்தம். நுரையை மட்டும் அலசாமல் விட்டானாம். அதைப் பார்க்கப் பொறுக்காமல் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றானாம், ஜெனட் சொன்னாள்.

மறுநாள் சாப்பாட்டில் அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"இந்த பீர் வாயில வைக்கிற மாதிரி வந்துச்சுன்னா நான் வீட்டோட இருக்கேன், ஜெனட். இல்லன்னா கஸ்கிட்ட போறேன். எனக்கும் ஏதாவது ஒண்ணு உருப்படியா வரணும்ல?"

அதன்பிறகு மூன்று பேருமே நிலவறைக்கு ஓட ஆரம்பித்தோம். மூடியின்மேல் நிற்கும் சின்னக் குழாயில், ஈஸ்ட் வேலை செய்வதைக் காட்டும் குமிழி வருகிறதா என்று நான் பார்ப்பேன், எனக்குப் பின்னால் ஜெனட் வந்து பார்ப்பாள். மூடியைத் திறக்க மாட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். துவைக்கத் துணி இல்லாத நாளில் ஒரே ஒரு துண்டைத் துவைத்தேன். குமிழி அடங்கியது, பாட்டிலில் அடைத்தான், மறுபடியும் காத்திருப்பு. வானிலைக்காரன் ஏரிப் பக்கமிருந்து பனி வருகிறது என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியில் பேக்கர்ஸ் அணியின் ஃபுட்பால் ஆட்டம், அடுப்பில் சாஸேஜ். நார்ப் மூன்று கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றினான். நல்ல நிறம், நல்ல நுரை. ஜெனட் ஒரு வாய் குடித்தாள்.

"அருமையா இருக்கு" என்றாள்.

நானும் குடித்தேன். நாக்கு சுருண்டது. "பிரமாதம்" என்றேன்.

நார்ப் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் கோப்பையைக் குடித்தான். கால் ஆடுவது நின்றிருந்தது.

"கல்யாணமான நாள்லேர்ந்து நான் செஞ்சது எதையும் நீ அருமைன்னு சொன்னதில்ல, ஜெனட். புளிக்குது."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஜன்னலுக்கு வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. கஸ்தான், வேறு யார்? ஜெனட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நார்ப் போனைக் காதில் வைத்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். இன்னொரு கை கோப்பையை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இல்ல கஸ், வரல. இங்க வேலை கெடக்கு. எவனோ ஒரு திருட்டுப்பய என் வாளிக்குள்ள பூந்திருக்கான். அவனைப் புடிக்காம நான் எங்கயும் நகர்றதா இல்ல."

ஜெனட் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கும் அங்கே நிற்க முடியவில்லை; துணி எடுக்கிற சாக்கில் நிலவறைக்கு இறங்கினேன். தொட்டி ஓரத்தில் தேய்ந்து உருண்டையான கம்பி நார் ஒன்று கிடந்தது. பக்கத்தில் வாளி. உள்ளே விரலால் தடவிப் பார்த்தேன். வாளி முழுக்கக் கீறல். பாவி, அழுக்கு போகவேண்டும் என்று தேய்த்துத் தேய்த்தே கிருமிக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்திருக்கிறான். மாய் சொன்னது அப்போதுதான் பளிச்சென்று ஞாபகம் வந்தது.

"கொரீன்! கீழ ஏதாவது கண்ணுல படுதா?" என்று படி உச்சியிலிருந்து கத்தினான்.

கம்பி நார் என் கையில் இருந்தது. சொன்னால் ஒரு வார்த்தையில் தீர்ந்துவிடும். புது வாளி, நல்ல பீர். வீட்டோடு இருப்பேன் என்றவன்தான். ஆனால் தேட எதுவும் இல்லாமல் அவன் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான்? வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல நார்ப், எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்ப இன்னும் அழுத்தித் தேய்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவன் சட்டைக் கையை மடித்துவிட்டபடி இறங்கிவந்தான்.

மறுநாள் கடைக்குப் போனபோது புதிதாக ஒரு கம்பி நார் வாங்கி வந்து, பழையதை எறிந்துவிட்டு, அதே இடத்தில் வைத்தேன்.