நடுமேட்டில் ஒட்டாத புழுக்கள்

தலாத் மலையிலிருந்து அண்ணன் லாரியில் கொண்டுவந்த முட்டைக்கோஸை அம்மா நறுக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை. இங்கே கீழே, சைகோன் சந்தையில் வாங்கும் கீரையோ வெறும் சல்லடை.

"மேல குளிருடா, புழு வராது" என்றான் அண்ணன்.

குளிர் மட்டும்தானா? புழுவைத் தின்னும் எறும்பும் குருவியும் மலையேற ஏறக் குறையுமா, கூடுமா? கீழே அவை இல்லாவிட்டால் கீரையே மிஞ்சாதோ? நான் படிக்கும் பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் கேட்டேன். போர் முடியட்டும் என்றார் ஆசிரியர். எனக்கு ஏது பொறுமை!

அம்மா பிசைந்து கொடுத்த அரிசிமாவில் பச்சைச் சாயம் கலந்து, ஒரு டப்பா நிறையப் புழுக்கள் உருட்டினேன். ராணுவக் காவலோடு வரிசையாகப் போகும் லாரிகளில் அண்ணனுடையதும் ஒன்று. அடிவாரம், நடுமேடு, உச்சி மூன்றிலும் இலைகளில் ஒட்டிவிட்டு, திரும்பும்போது எத்தனை கடிபட்டன என்று அவன் பார்க்க வேண்டும்.

"சுடுறவன் வந்தா, புழு ஒட்டுறேன்னு சொல்லவாடா?" என்று சிரித்தான். ஆனாலும் செய்தான்.

அடிவாரத்தில் எறும்பு மொய்த்து ஒன்றும் மிஞ்சவில்லையாம். உச்சியில் அத்தனையும் அப்படியே. நான் துள்ளினேன். நடுமேட்டில் மட்டும் அவன் இறங்கவில்லை.

"அங்க காட்டுக்குள்ள ஆளுங்க பதுங்கியிருக்காங்க. ஒண்ணுக்கு வந்தாக்கூட அடக்கிக்கிட்டுப் போயிடுவோம்."

வேட்டையாடுபவன் தின்ன வேண்டியதில்லை, அவன் இருக்கிறான் என்ற பயத்திலேயே ஒரு மான் ஒரு சரிவை மேயாமல் விட்டுவிடும் என்று அன்று நோட்டில் எழுதினேன். எழுதியும் புத்தி வரவில்லை. நடுமேடு இல்லாமல் எதுவும் நிரூபணமாகாது என்று நச்சரித்தேன்.

"சரிடா, ஒட்டித் தொலைக்கிறேன்."

அந்தப் பயணத்திலிருந்து அவன் திரும்பவில்லை. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் வீட்டுக்கு வந்தார். நடுமேட்டில் தாக்குதல், வண்டி எரிந்துவிட்டது என்றார்.

"அவனாவே வண்டிய நிறுத்தினானா?" என்றேன்.

"நின்னுச்சு தம்பி. ஏன் நின்னுச்சுன்னு தெரியல."

சில நாள் கழித்து அம்மா தானாகச் சொன்னாள்: "அந்த மாவுல சர்க்கர போட்டிருந்தேன். பயணம் போற புள்ள கையில வெறும் மாவ எப்படிக் குடுத்தனுப்புறது?"

எறும்புகள் வேட்டைக்கு வரவில்லை, இனிப்புக்கு வந்திருக்கின்றன. அண்ணன் பார்த்துச் சொன்னதெல்லாம் ஒன்றுக்கும் உதவாது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்பா சொந்த ஊரான காரைக்காலுக்கே திரும்பிவிடக் கப்பல் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். அதற்குள் கொல்லைக் கறிவேப்பிலைச் செடியில் பாதியைக் குருவி நுழையாதபடி மூடி, உயிருள்ள புழுக்களை இரு பாதியிலும் விட்டுப் பார்க்கப்போகிறேன். அண்ணனின் கொசுவலை சும்மாதான் கிடக்கிறது. நாளைக் காலையில் அதை வெட்ட வேண்டும்.