பார்லர் அக்காவும் சாக்குக் குதிரையும்

குதிரைச் சவாரிப் பள்ளியில் அவளை எல்லோரும் பார்லர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கிண்டலாக ஒட்டிக்கொண்ட பேர் அது. பாதி வாழ்க்கையை அழகு நிலையத்தில் அடுத்தவர் தலைக்குச் சாயம் பூசிக் கழித்தவள். சாயத்தின் காரம் உள்ளங்கைத் தோலை உரித்துப் போட்டது. இனி அந்த டப்பாக்களைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அப்போதுதான் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த சவாரிப் பள்ளியில் லாயத்தைக் கூட்டிப் பெருக்க ஆள் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்தது.

பஸ் ஓட்டுகிற அவள் புருஷன், "உனக்கு நாய் குரைச்சாலே கை காலு நடுங்கும். குதிரைகிட்டயா போற?" என்று கேட்டார். நடுங்கிக்கொண்டேதான் போனாள். முதல் வாரம் முழுவதும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு பெருக்கினாள். குதிரை மூச்சு விட்டால் துடைப்பத்தைக் கீழே போட்டாள். ஆனால் தலைகளோடு பழகிய கை அல்லவா, சும்மா இருக்குமா? மெல்ல மெல்ல ஒவ்வொரு குதிரையின் பிடரி மயிரையும் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு சிக்கெடுத்தாள். சவாரி கற்றுத்தரும் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். இவள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் குதிரை வந்து சேர்ந்தது. வெளிநாடு போகிற யாரோ இலவசமாக விட்டுவிட்டுப் போனார்கள். செவலை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் பார்த்தவர் யாருக்கும் அது என்ன நிறம் என்று சொல்ல வரவில்லை. ரோமம் முரடாக, செத்துப்போய்க் கிடந்தது. குளம்புகள் நான்கும் தண்ணீர் வற்றிய குட்டை மாதிரி வெடித்திருந்தன. முன்னங்கால் ஒன்றில் அடி விளிம்பிலிருந்து ஒரு பிளவு மேலே ஏறியிருந்தது. சவாரிக்கு வரும் பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் 'சாக்கு' என்று பேர் வைத்துவிட்டார்கள். இந்தக் குளம்பை நம்பிப் பிள்ளைகளை ஏற்ற முடியாது, கொஞ்ச நாள் பார்ப்போம், தேறாவிட்டால் ஏதாவது தோட்டத்தில் சும்மா நிற்கட்டும் என்றார் வாத்தியார்.

பார்லர் அக்காவுக்குச் சுருக்கென்றது. எண்ணெய்ப் பசையற்ற முடியையும் உடைந்த நகத்தையும் அவள் பார்க்காததா? இந்தக் குதிரையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாத்தியாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தெரிந்த வித்தையை இறக்கினாள். ஷாம்பு போட்டு நுரை பொங்கக் குளிப்பாட்டினாள். குளம்புக்கு எண்ணெயைக் குழைத்துக் குழைத்துப் பூசினாள். முதல் நாள் சாக்கு தகதகவென்று நின்றது. பெருமை பிடிபடாமல் அவள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். மறுநாளே பழையபடி மங்கிவிட்டது. விடுவாளா? தினமும் குளிப்பாட்டினாள், தினமும் பூசினாள். போகப் போக ரோமம் தேங்காய் நாராகிவிட்டது. குளம்பின் பிளவு இன்னும் மேலே ஏறியது.

லாடம் அடிக்க வருபவர் அதிகம் பேசாத மனிதர். சாக்கின் காலைத் தூக்கி மடியில் வைத்துக் கத்தியால் சுரண்டிப் பார்த்தார்.

"இதை யாரு தினம் குளிப்பாட்டறது?"

"நான்தாண்ணே."

"எண்ணெயும் நீதானா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் திட்டவில்லை. பெட்டியின்மேல் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். ஈரத்தில் ஊறி ஊறி வெயிலில் காய்ந்தால் குளம்பு வெடிக்கத்தான் செய்யும். எண்ணெய் மேலுக்குத்தான் மினுக்கும், வெடிப்பை ஒட்ட வைக்காது. நகம் மாதிரி, வளர்ந்து இறங்கினால்தான் உண்டு. தினம் தினம் ஷாம்பு போட்டால் தோலில் இயற்கையாக இருக்கிற எண்ணெயும் போய்விடும்.

அன்று வீட்டுக்குப் போன பிறகும் அவளுக்கு அதே நினைப்புதான். ஒருமுறை பார்லரில் ஒரு பெண்ணின் தலையில் சாயத்தை அதிக நேரம் விட்டு முடியைப் பொசுக்கியிருக்கிறாள். அந்தப் பெண்ணாவது சண்டை போட்டாள். சாக்கு ஒன்றுமே சொல்லாமல் நின்றதே என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லிப் புலம்பினாள்.

மறுநாள் வாளியையே தொடவில்லை. லாயத்துக் கதவில் சாய்ந்து குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாக்கு வைக்கோலை மென்றது, மென்றது, பாதியில் உருண்டையாக ஈரத்தோடு கீழே துப்பியது. அவள் உள்ளே போய்க் கன்னத்தை விரல்களால் மெதுவாக வருடினாள். ஒரு பக்கம் தொட்டதும் குதிரை வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டது. வாடிக்கையாளர் முகம் சுளிப்பதை வைத்தே எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடித்துப் பழகியவள் அவள். நேரே கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

டாக்டரம்மா வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று கத்தி மாதிரி கூர்ந்து, கன்னத்தின் உள்சதையைக் கிழித்திருந்தது. ஊசி போட்டு மயக்கி, அரத்தால் ராவிச் சமன் செய்தார். சாணத்தையும் சோதனைக்கு எடுத்துப்போனார். வயிறு நிறையப் பூச்சி என்று முடிவு வந்தது.

"நல்லவேளை, பார்த்துச் சொன்னீங்க" என்றார் டாக்டரம்மா. "வாய் வலியும் பூச்சியும் இருந்தா எதைப் போட்டாலும் உடம்புல ஒட்டாது. முதல்ல இது நல்லா சாப்பிடணும்க்கா. ரோமமும் குளம்பும் தானா வரும்."

அதற்குப் பிறகு அவள் செய்தது எல்லாம் அலுப்பூட்டுகிற வேலைகள்தான். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. தூசி படிந்த பழைய வைக்கோலை ஒதுக்கிப் பச்சை வாசம் மாறாத காய்ந்த புல்லைப் போட்டாள். டாக்டரம்மா சொன்ன அளவில் அரைத்த ஆளிவிதையைத் தீனியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். நக்குவதற்கு உப்புக்கட்டி தொங்கவிட்டாள். படுக்கையில் ஈரம் கண்டால் உடனே அள்ளினாள். குளியல் கிடையாது. ரப்பர் சீப்பால் வட்டம் வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்புவாள், கெட்டி பிரஷ்ஷால் தட்டிவிடுவாள், மெத்தென்ற பிரஷ்ஷால் நீவுவாள், கடைசியில் துணி. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். வீட்டுக்கு வந்தால் புருஷன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குதிரையை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாயா என்பார். ஆனால் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடுவதும் அவர்தான்.

முதலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் சீப்போடு பழைய ரோமம் கொத்துக் கொத்தாக வந்தது. பயந்துபோய்க் குனிந்து பார்த்தாள். அடியில் புதுச் செப்புப் பாத்திரத்தின் நிறத்தில் குட்டை ரோமம் முளைத்திருந்தது. அங்கேயே வைக்கோல்மேல் உட்கார்ந்து அழுதாள். குளம்பிலும் மேல் விளிம்பை ஒட்டி வழவழவென்று ஒரு புதுப் பட்டை இறங்கத் தொடங்கியது. லாடக்காரர் ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தப் பட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். "இறங்குது" என்பார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

அடுத்த ஆண்டு ஊர்ச் சவாரிப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் குதிரைக் கண்காட்சிக்கு வாத்தியார் சாக்கின் பெயரைக் கொடுத்தார். நன்றாகப் பராமரிக்கப்பட்ட குதிரைக்கான போட்டி. முன்னங்கால் குளம்பில் பழைய பிளவின் கடைசித் துண்டு மட்டும் அடியில் மிச்சமிருந்தது. கறுப்புப் பாலிஷ் போட்டால் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது என்று பக்கத்து லாயத்துக்காரர் டப்பாவை நீட்டினார். அந்த வேலையில் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. பிளவு இருந்த இடமே தெரியாமல் பண்ணியிருப்பாள்.

"வேண்டாங்க. இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கு. அதையும் பார்க்கட்டும்" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஒலிபெருக்கியில் 'சாக்கு' என்று அறிவித்ததும் கூட்டம் சிரித்தது. அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெயில் பட்டுச் சாக்கின் உடம்பு செப்பாக மின்னியதும் சிரிப்பு தானாக அடங்கியது. நடுவர் வயதான பெண்மணி. குதிரையைச் சுற்றி வந்தவர், நம்பாமல் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து விலாவில் அழுத்தித் தேய்த்தார். துணியில் எதுவும் ஒட்டவில்லை.

"என்ன ஸ்ப்ரே அடிச்சீங்க?"

"ஒண்ணும் அடிக்கலைங்க. தீனியும் பிரஷ்ஷும்தான்."

நடுவர் குனிந்து குளம்பைப் பார்த்தார். பிளவு எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். அவள் தான் பண்ணிய தப்பையும் சேர்த்து எதையும் மறைக்காமல் சொன்னாள். நடுவர் விரலை மேலிருந்து கீழாக, புதிதாக வளர்ந்த பகுதி நெடுகிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

சாக்குக்கு இரண்டாவது இடம் கிடைத்தது. குளம்புக்காகத்தான் மதிப்பெண் குறைந்தது. லாடக்காரர் கொதித்துப் போனார். அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. வேலைச் சட்டையோடு வந்திருந்த புருஷன் வேலிக்கு அந்தப்புறம் நின்று, முன்பின் தெரியாதவரையெல்லாம் நிறுத்தி, "அது எங்க வீட்டம்மா வளர்த்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் பரிசு வாங்கிய குதிரையின் சொந்தக்காரர் நேராக அவளிடம் வந்து தீனிக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டபோது, அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தாள்.

இரண்டொரு மாதத்தில் லாடக்காரர் அந்தப் பிளவின் கடைசித் துண்டையும் சீவி எறிந்தார். வாத்தியார் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் சவாரியே சாக்கின் முதுகில்தான் என்று வைத்துவிட்டார். புதுக் குதிரை எது வந்தாலும் டாக்டரம்மா முதலில் பார்லர் அக்காவைக் கூப்பிட்டு, ஒரு பொழுது நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பார்.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தவை. கண்காட்சி முடிந்த மறுநாள் காலை அவள் லாயத்துக்குப் போனபோது சாக்கு திடலில் மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டு சேற்றில் புரண்டது. எழுந்து உடம்பை உலுக்கியதும் காதிலிருந்து வால்வரை ஒரே சேறு. வாத்தியார் ஐயோ என்று தலையில் கைவைத்தார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சேறு காயட்டும் என்று சொல்லிவிட்டு, ரப்பர் சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்தாள்.