இர்பானாவின் பிறைக் காலண்டர்

பெருநாள் காலையில் துபாயிலிருந்து கணவன் உசாமாவின் போன் வந்ததிலிருந்து இர்பானாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அத மொதல்ல நெட்ல இருந்து எடுத்துடு. இங்க நேத்தே பெருநாள் முடிஞ்சிருச்சு. உன் காலண்டர் இன்னைக்குத்தான் பெருநாள்ங்குது. நம்மூர்ப் பசங்க வெப்சைட்ல அதப் போடச் சொன்னதே நான்தான். ரூமே சிரிக்குது!"



பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு லெப்பைக்குடிகாட்டுக்கு வாழ வந்தவள் இர்பானா. கணவன் இல்லாத வீட்டில் அவளுக்கு உயிராக இருந்தது அவளே எழுதிய அந்தக் குட்டிக் காலண்டர்தான். யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் இணையப் பக்கத்தில் பொருத்திக்கொள்ளலாம். ஒரு தேதியைச் சொடுக்கினால் பிறைக் கணக்குப்படியான ஹிஜ்ரி தேதியும் தெரியும். மலேசியாவிலிருந்துகூட ஒருவர் நன்றி எழுதியிருந்தார். அதையா அழிப்பது?

பர்தாவை எடுத்து மாட்டினாள்.

"பெருநாளும் அதுவுமா எங்கடி கெளம்பிட்ட?" மாமியார் பத்ருன்னிசா வாசலை மறித்தாள்.

"பெரம்பலூருக்கு, மாமி. காலண்டர்ல ஒரு தப்பு."

"வட்டலப்பம் ஒழுங்கா அவிக்கத் தெரியல, ஊருக்கெல்லாம் நாள் குறிக்கிறாளாம்! விருந்தாளி வர்றதுக்குள்ள வந்து சேரு."

பஸ்ஸில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வருடா வருடம் உசாமா பெருநாள் வாழ்த்துச் சொல்லும்போது, இங்கே அவள் நோன்போடுதான் இருப்பாள். அங்கே பிறை முந்தித் தெரியும், இங்கே பிந்தித் தெரியும். தெரிந்தே எப்படி மறந்தாள்? தன் ஊர்ப் பிறையையே உலகத்துக்கெல்லாம் எழுதி வைத்துவிட்டாளே!

பிரவுசிங் சென்டர் பழனிவேல் வியந்தான். "பெருநாளைக்குமா லீவு இல்ல, அக்கா?"

திரையில் 'நீக்கு' என்ற பொத்தான். மவுஸை அதன் மேல் கொண்டுபோனாள். ஒரு சொடுக்கு போதும், புருஷன் மானம் காப்பாற்றப்படும். கண்ணீர் கீபோர்டில் சொட்டியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். எடுத்துப் போடுகிறவர்கள் தங்கள் நாட்டுப் பிறைக்கு ஏற்ப ஒரு நாள் முன்னே பின்னே தள்ளிக்கொள்ளும்படி நிரலில் புதிதாக ஒரு வரி எழுதினாள். சோதித்தாள். தவறியது. மறுபடி எழுதினாள். பொருந்தியது. வெளியிட்டாள்.

அங்கேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு துபாய்க்குப் பேசினாள்.

"எடுத்துட்டியா?"

"இல்ல மச்சான். திருத்திட்டேன். இனி அவங்கவங்க ஊர்ப் பிறைய அவங்கவங்களே வச்சுக்கலாம்."

"எடுக்கச் சொன்னேன்ல?"

"சொன்னீங்க. என்னால முடியல, மச்சான். அது நான் பெத்தது மாதிரி."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம்.

"சரி, அழுவாத. வெப்சைட் பசங்க பக்கத்துலதான் இருக்கானுங்க. எந்த வரிய மாத்தணும், சொல்லு."