விருந்தாளிக்கு ஊற்றிய தண்ணீர்

ஆம்பூரில் எங்கள் தெருத் தண்ணீரில் பாலை ஊற்றிக் கொதிக்க வைத்தால் திரிந்துவிடும். போர் தண்ணீர் அப்படி. ஊரைச் சுற்றித் தோல் பதனிடும் டேனரிகள். தோலுக்குப் போட்ட உப்பெல்லாம் என்றைக்கோ பூமிக்குள் இறங்கி, எங்கள் தெரு மோட்டார் வழியாக மேலே வந்துகொண்டிருந்தது. டேனரியைத் திட்டலாம் என்றால், தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போடுவதே தோல்தான். நானே ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவள். அதனால் எல்லோரும் தண்ணீரைத் திட்டுவோம். குளிக்க, துவைக்க, சமைக்க அந்தத் தண்ணீர். குடிக்கவும் டீ போடவும் மட்டும் கேன் தண்ணீர்.

முன்பு வந்த ஒரு திட்டத்தில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நல்ல கக்கூஸ், டைல்ஸ் எல்லாம் ஒட்டியது. ஊற்றத் தண்ணீர் வேண்டாமா? தெரு முனையில் வரிசையில் நின்று பிடித்த குடத்தை அதில் கொண்டுபோய்க் கவிழ்க்க எவளுக்கு மனசு வரும்? என் வீட்டுக் கக்கூஸில் விறகு இருந்தது. பக்கத்து வீட்டில் ஆடு இருந்தது. நாங்கள் டேனரி மதிலுக்குப் பின்னால் போய்வந்தோம். என் மகளுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. அவள் பெரியவளாவதற்குள் அந்த விறகை வெளியே தூக்கிப் போட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு ஆசை.

அப்போதுதான் புதுத் திட்டம் வந்தது. ஐரோப்பாவில் ஒரு நாடு பணம் கொடுக்கிறது, நம் அரசாங்கம் குழாய் பதிக்கிறது, ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வரும் என்றார்கள். எந்தத் தெருவுக்கு முதலில் என்று முடிவு செய்யத் தண்ணீரைப் பரிசோதிக்க ஒரு இன்ஜினியர் அம்மா வருகிறார். கென்யாக்காரர். அவர் நாட்டில் இதே வேலையைச் செய்து கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவராம்.

எதிர்வீட்டுக் காலாம்மா காதில் இது விழுந்தது. சின்னம்மாவை உருதுவில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் தெருவில் உருது பேசாதவர்களுக்கும் அவர் காலாம்மாதான். விருந்தாளி விஷயத்தில் அவர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது.

"கடல் தாண்டி வர்றாங்க. ஒரு வாய் தண்ணி கேட்டா நம்ம போர் தண்ணியவா குடுப்பீங்க? ஊரே காறித் துப்பும்" என்றார்.

வாஸ்தவம்தானே? அந்த அம்மா வருகிற அன்று காலையில் தெரு முழுக்கக் குடங்களைக் கழுவிக் கேன் தண்ணீரை ஊற்றி நிரப்பி வைத்தோம். நான் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தேன். பார்த்து அன்றைக்கென்று கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. முனிசிபாலிட்டி ஓவர்சீயர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "சரி, வீட்ல புடிச்சு வச்சிருக்கறதக் குடுங்க" என்றார். அந்த அம்மா குடத்துக்குக் குடம் பாட்டிலில் பிடித்து மூடினார். தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று அவர் சொன்னதாக ஓவர்சீயர் சொன்னார். நாங்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தோம்.

சில வாரம் கழித்து ஓவர்சீயர் வந்து, "உங்க தெரு தண்ணி ஏ ஒன்னு. உங்களுக்கு ரெண்டாவது கட்டத்துலதான்" என்றார். ரெண்டாவது கட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இன்னதென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "குழாய் கிடைக்கலன்னா எல்லாத் தெருவுலயும் இப்டித்தான் சொல்றாங்க. அந்தம்மா சாக்கடை பாக்க வெள்ளிக்கிழமை வர்றாங்க. அதோட முடிஞ்சிது. அவங்ககிட்டயே பேசிக்கங்க" என்று வண்டியை எடுத்துவிட்டார்.

பேசினால் யார் நம்புவார்கள்? காட்ட வேண்டும். போர் தண்ணீரில் ஒரு டீ போட்டு அவர் கண் எதிரில் வைத்தால் போதும் என்றேன். காலாம்மா முகம் சிவந்துவிட்டது.

"விருந்தாளிக்குத் திரிஞ்ச சாயாவா? அதுக்கு நீ என் கழுத்த நெரிச்சுடு."

எனக்கும் கோபம் வந்தால் வாய் நிற்காது. "உங்க மானத்துக்காக என் பொண்ணு இன்னும் மதிலுக்குப் பின்னாடி போகணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், காலாம்மா தன் வாசலில் ஸ்டவ்வைக் கொண்டுவந்து வைத்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் போர் தண்ணீர்க் குடம்.

"நானே போடறேன். நீ போட்டா நல்ல தண்ணியிலயே சாயா நல்லா இருக்காது" என்றார். உண்மைதான் அது.

இன்ஜினியர் அம்மா வந்தார். "சாயா குடிச்சிட்டுப் போங்க" என்றார் காலாம்மா. ஓவர்சீயர் மொழிபெயர்ப்பதற்குள் அந்த அம்மா கண் விரிந்து, "சாய்?" என்றார். அவர்கள் ஊரிலும் அதே பேர்தானாம். பாலையும் தண்ணீரையும் ஒன்றாகக் கொதிக்க வைத்துத்தான் போடுவார்களாம். காலாம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "யா அல்லா, நம்ம சாயா! பாருங்கடி!" என்று தெருவையே கூப்பிட்டார்.

பாலை ஊற்றினார். கொதி வந்தது. திரிந்தது. பால் பழசா என்று அந்த அம்மா கேட்டார். காலாம்மா புதுப் பாக்கெட்டை அவர் எதிரிலேயே கத்தரித்து ஊற்றினார். அதுவும் திரிந்தது. காரியம் ஆகிவிட்டது என்று நான் மூச்சு விடுவதற்குள், காலாம்மா உள்ளே ஓடி ஒரு பிளாஸ்கைக் கொண்டுவந்தார். மனசு கேட்காமல், கேன் தண்ணீரில் தனியாக ஒரு டீ போட்டு ஒளித்து வைத்திருக்கிறார்! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கதவோரம் இருந்த கேனைப் பார்த்தார்.

"அன்னிக்குக் குடத்துல எந்தத் தண்ணி இருந்துச்சுன்னு கேக்கறாங்க" என்றார் ஓவர்சீயர்.

காலாம்மா கேனைக் கை காட்டி, "விருந்தாளியாச்சே" என்றார், குற்றவாளி போல.

ஓவர்சீயர் அதைச் சொன்னதும் அந்த அம்மா காலாம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருடைய அம்மாவும் இதேதானாம். வீட்டுக்கு யாராவது வந்தால் பக்கத்து வீட்டில் நல்ல தண்ணீர் கடன் வாங்கி வைப்பாராம். "இத நான் மொதல்லயே கேட்டிருக்கணும்னு சொல்றாங்க" என்று ஓவர்சீயரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அந்த அம்மா திரிந்த டீயை எடுத்து, காலாம்மா வேணாம் வேணாம் என்று கத்தக் கத்த, கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிளாஸ்க் டீயையும் குடித்தார். பிறகு மோட்டாரைப் போடச் சொல்லித் தானே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு. வெட்கத்தில் விட்டுவிட்டேன்.

குழாய் வருவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆனால் முதல் கட்டத்திலேயே வந்தது. அன்று காலை என் மகளும் நானும் விறகை வெளியே தள்ளிக் கக்கூஸைத் தேய்த்துக் கழுவினோம். அவள் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஆடு வாசலில் நின்று கத்தியது.

மதியம் தெருவே புதுத் தண்ணீரில் சமைத்தது. நான் சோறு வடித்துக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா இது, சப்புன்னு இருக்குது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்போதும் போடுகிற அளவுதான் போட்டேன். அதற்குள் எதிர்வீட்டிலிருந்து, மகளே என்று உருதுவில் கூப்பிடும் காலாம்மா குரல் வந்தது.

"பேட்டீ! உன் குழம்புல உப்பு இருக்குதா?"

"கம்மியா இருக்குது காலாம்மா!"

"என்னுதுலயும் கம்மி!"

இரண்டு வீடு தள்ளி யாரோ, "எங்குளுதும்தான்!" என்றார்கள். அப்புறம்தான் புரிந்தது. இத்தனை வருஷமாகத் தண்ணீரே பாதி உப்பைப் போட்டுக்கொடுத்திருக்கிறது; எங்கள் கை மீதிப் பாதியைத்தான் போடப் பழகியிருக்கிறது. தெருவே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சிரித்தது. நான் சிரித்தேன், அழவும் செய்தேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அன்று ஒரு வீட்டிலும் ஒரு பருக்கை குப்பைக்குப் போகவில்லை. என் மகள் இன்னொரு கரண்டிச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.