புது வண்டிக்குப் பழைய மூஞ்சி

அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பான்னு சொல்லுவாங்க. என் தம்பி குடை பிடிக்கலை, கார் வாங்கினான். அமெரிக்கக் கார். ரெண்டே கதவு. பின்னால சீட்டுன்னு ஒண்ணு இருக்குது, அதுல ஒரு பை தேங்காய் வைக்கலாம், ஆளு உட்கார முடியாது. இஞ்சின் மட்டும் எங்க பட்டறைக்கு வர்ற பத்துச் சக்கர லாரியை விடச் சத்தம் போடும். அந்தச் சத்தத்தோட அவன் எங்க போவான்? சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல இருக்கற அவன் ஊட்டுல இருந்து கிளம்பி, பக்கத்துலயே இருக்கற அஸ்தம்பட்டியில ஒரு இளநி குடிச்சுட்டுத் திரும்பி வருவான். வழியில இருக்கற வேகத்தடை ஒவ்வொண்ணுலயும் வண்டிக்கு அடிவயிறு தேயும். அதுக்குப் பயந்துக்கிட்டு வண்டியைக் கோணலாத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமா ஏத்தி இறக்குவான். பின்னால மொபெட்டுல பால் கேனோட வர்ற ஆளு அவனைத் தாண்டிப் போயிருவாரு.

இவன் ஒரு காலத்துல ஆழ்துளைக் கிணத்துக்குப் போர் போடற ரிக் வண்டியில ராடு தூக்கினவன். ஆந்திரா, ஒடிசான்னு வெயில்ல காஞ்சு, கை தோலெல்லாம் உரிஞ்சு, அப்புறம் சொந்தமா ரிக் வாங்கினான். அதை நான் இளக்காரமாச் சொல்லலை. அவனைப் பத்தி எனக்குப் பெருமையா இருக்கற ஒரே விசயம் அதுதான். அதை மட்டும் அவன் ஆருகிட்டயும் சொல்ல மாட்டான்.

எனக்கும் எங்க ஊட்டுக்காரருக்கும் நாமக்கல்ல லாரிக்குப் பாடி கட்டற பட்டறை. ஒருநாள் காத்தால அந்தக் கார் உறுமிக்கிட்டு உள்ள வந்துச்சு. தம்பி இறங்கி, ஃபோன்ல ஒரு படத்தைக் காட்டினான்.

"அக்கா, இதே மூஞ்சி வேணும்."

"ஆருக்கு? உனக்கா, வண்டிக்கா?"

அது எங்க அப்பா படம். அதோட அசல் எங்க ஊட்டு பீரோவுல இருக்குது. ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துக்காரர் ஒருத்தர் அந்தக் காலத்துலயே ஒரு அமெரிக்கக் கார் வச்சிருந்தாரு. இப்ப தம்பி வாங்கியிருக்கறானே, அதே வகையில அறுபதுகள்ல வந்த கார். வட்டமா ரெண்டு விளக்கு, வெள்ளி மாதிரி மின்னுற பம்பர், நீளமான மூக்கு. எங்கப்பா அதுக்கு டிரைவர். படத்துல காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு, ஒரு கையைக் காரோட இடப்பக்கக் கதவுல வச்சுக்கிட்டு நிப்பாரு. இன்னொரு கையில வேஸ்ட் துணி, வண்டி துடைக்கறதுக்குன்னு டிரைவருங்க எப்பவும் கையில சுருட்டி வச்சிருப்பாங்களே, அந்த அழுக்குத் துணி. படம் பிடிக்கறப்பக்கூட அதைக் கீழே வைக்கத் தோணலை அவருக்கு.

"இந்தப் பழைய மூஞ்சி எதுக்குடா இப்ப?"

விசயம் மெதுவா வெளிய வந்துச்சு. அவன் மகளுக்குச் சங்ககிரிப் பக்கத்துல ஒரு வரன் வந்திருந்துச்சு. லாரிக்காரக் குடும்பம். ஜாதகம் பொருந்தி, பொண்ணும் பையனும் கோயில்ல பாத்துப் பேசினாங்க. அதுக்கு முன்னால வந்த வரனையெல்லாம் மூஞ்சியைச் சுளிச்சு வேண்டாம்னவ, அன்னிக்குத் திரும்பி வந்து எங்கிட்ட ஒண்ணுமே சொல்லாம சிரிச்சா. எனக்கு அந்தச் சிரிப்பு போதும். இனிப் பையனோட அப்பா ஊடு பாக்க வரணும், அவரு சரின்னு சொல்லணும், அவ்வளவுதான் பாக்கி. இந்த நேரத்துல என் தம்பி அவருகிட்ட என்ன அளந்து விட்டிருக்கறான் தெரியுமா? எங்கப்பா காலத்துலயே எங்க ஊட்டுல அமெரிக்கக் கார் நின்னுச்சு, அந்த ஞாபகத்துலதான் நான் இதை வாங்கினேன், அப்படின்னு.

"ஏண்டா, அது அப்பா வண்டியாடா?"

"அப்பா ஓட்டின வண்டிதானக்கா."

"ஓட்டினது வேற, வச்சிருந்தது வேற."

"பாக்கறவனுக்கு என்ன தெரியும்?"

பாக்கறவன் சங்ககிரி லாரிக்காரன். வண்டியைப் பத்தி அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாடா முட்டாளேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நாலு வார்த்தை திட்டவும் திட்டினேன். ஆனா பட்டறைக் கதவைச் சாத்தலை. எங்க ஊட்டுக்காரர் அதுக்குள்ள வண்டியைச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டு இருந்தாரு. அவரு வெல்டிங் கண்ணாடியை மாட்டினா காதும் கேக்காது.

எங்க பட்டறையில காகிதத்துல படம் போடற பழக்கமில்லை. தரையில சாக்பீஸ்ல முழு அளவுக்கே வரைஞ்சு, அது மேல தகட்டை வச்சுத் தட்டுவோம். அப்படித்தான் பழைய காரோட மூக்கைச் சிமெண்டுத் தரையில வரைஞ்சோம். பம்பர் செஞ்சாரு பாருங்க எங்க ஊட்டுக்காரர்! லாரித் தகடு. "பம்பர்னா மரத்துல மோதினா மரம் விழணும்," அது அவரு வேதம். மாட்டி விட்டதும் காரோட மூக்கு அப்படியே தாழ்ந்து போச்சு, எருமை தண்ணி குடிக்கற மாதிரி. மறுபடி கழட்டி, மெல்லிசாச் செஞ்சோம்.

அதோட போச்சா? புதுக் காருக்கு மூஞ்சியில கண்ணு, மூக்கு, மோப்பமெல்லாம் இருக்குதாம். முன்னால ஏதாச்சும் வந்தாத் தானே பிரேக் போடுமாம். நாங்க பழைய காருக்கு இருந்த மாதிரி முன்பக்கக் கம்பி வலையை அது மேல மாட்டினமா, காருக்கு எதுக்கவே ஒரு கார் நிக்கறதா நெனப்பு வந்துருச்சு. பட்டறையை விட்டு வெளிய எடுத்தா நாலடி போகும், கீ கீன்னு கத்தும், சடக்குன்னு நின்னுக்கும். தன் மூஞ்சியைப் பாத்துத் தானே பயந்துக்குது. நான் சிரிச்ச சிரிப்புல எதிர்ப்பட்டறை ஆளுங்க எட்டிப் பாத்தாங்க. தம்பி சேலத்துல இருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து அதையெல்லாம் அணைச்சு வச்சான். இத்தனை இலட்சணமான வண்டிக்கு இப்பக் கண்ணும் இல்லை, மோப்பமும் இல்லை. ஓட்டறவனுக்குத் தகுந்த வண்டி.

கடைசியா அவனுக்கு இன்னொரு ஆசை. அப்பா படத்தைப் பெரிசா வரைஞ்சு ஊட்டு முன்கூடத்துல மாட்டணும். எங்க பட்டறைப் பெயிண்டர் லாரி நெத்தியில சாமி வரையறவரு. அவருகிட்டப் படத்தைக் குடுத்து, காக்கிச் சட்டையை வெள்ளைச் சட்டையாக்கு, அந்தத் துணியை எடுத்துட்டுப் பேப்பர் சுருளா மாத்துன்னு சொல்லியிருக்கறான். அந்த மனுசனும் அப்படியே வரைஞ்சாரு. அப்பாவுக்கு மாரியம்மன் கண்ணு. வேஸ்ட் துணி இருந்த எடத்துல அன்னன்னிக்குப் பேப்பர் படிக்கற கனவான்.

என் பட்டறையில, என் கண்ணு முன்னாலதான் அது நடந்துச்சு. நான் அதைப் பாத்துட்டு என்ன சொன்னேன்? "மீசை கொஞ்சம் பெருசு"ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஊடு பாக்க வர்ற அன்னிக்கு ஃபேர்லேண்ட்ஸ் ஊட்டு வாசல்ல அந்தக் காரைக் கழுவி நிறுத்தியிருந்தான். கண்ணு பட்டுருமாம், முன்னால எலுமிச்சம்பழம் வேற. பையனோட அப்பா, அம்மா, பங்காளிங்க நாலு பேரு வந்தாங்க. அந்த மனுசன் வெள்ளை வேட்டி, கையில மஞ்சப் பை, பேச்சு ரொம்பக் குறைவு. காரைச் சுத்தி வந்து பம்பரை விரல்ல தட்டிப் பாத்தாரு.

"கைவேலையுங்களா?"

"எங்க மாமா பட்டறைங்க," தம்பி பல்லெல்லாம் காட்டினான். "அப்பா வண்டி அப்படியே இருக்கணும்னு சொல்லிட்டனுங்க."

உள்ள வந்து அந்தப் பெரிய படத்து முன்னால நின்னாரு. கார்க் கதவுல இருக்கற கையை உத்துப் பாத்தாரு. அப்புறம் மெதுவாக் கேட்டாரு.

"அந்தக் காலத்து அமெரிக்க வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கமுங்களே. அப்ப உங்கப்பா கை வச்சிருக்கறது டிரைவர் கதவு மேலதானுங்களே?"

சொன்னேன் பாருங்க, லாரிக்காரன்னு. என் தம்பி உடனே சமாளிச்சான். "அப்பாவேதானுங்க ஓட்டுவாரு. இன்னொருத்தன் கையில குடுக்க மாட்டாருங்க."

அந்த மனுசன் திரும்பி என்னைப் பாத்தாரு.

"அக்கா, நீங்க மூத்தவங்க. நீங்க சொல்லுங்க. உங்கப்பா வண்டிதானுங்களா?"

சமையக்கட்டு வாசல்ல தம்பி மக நின்னுக்கிட்டு என்னையே பாத்தா. அவளுக்கு எல்லாம் தெரியும், தாத்தா கதையைச் சின்ன வயசுல சொன்னவளே நான்தான். இல்லைன்னு சொன்னா கல்யாணம் நின்னுருமேன்னு பயம். சபையில கூடப் பொறந்தவனை விட்டுக்குடுக்கறதான்னு ஒரு நெனப்பு. இன்னொண்ணும் இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். அந்த ஒரு நிமிசம் கார்க்காரர் மகளா நிக்கறது எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

"ஆமாங்க," அப்படின்னேன்.

அவரு தலையை ஆட்டிக்கிட்டாரு. பந்தி தயாரா இருந்துச்சு, இலை போட்டாச்சு. எங்க பக்கம் பொண்ணு ஊட்டுல கை நனைச்சா, அதாவது சாப்பிட உட்கார்ந்தா, சம்மதம்னு அர்த்தம். அவரு இலைப் பக்கம் போகலை. மஞ்சப் பையை எடுத்துக்கிட்டாரு.

"கை நனைக்கறதை இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க பெரிய எடம். எங்கப்பன் லாரிக் கிளீனருங்க. எங்க ஊட்டுக்கு வர்ற மருமக மொதல்ல அவரு படத்துக்குத்தான் வெளக்கேத்தணும். அப்பன் காலத்துல இருந்து காருல போற ஊட்டுப் பொண்ணுக்கு அது தோதுப்படாதுங்க."

உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா! எங்கப்பாவும் அதேதானுங்க, அழுக்குத் துணியும் கையுமா நின்ன மனுசன்தானுங்கன்னு கத்தணும் போல இருந்துச்சு. எப்படிக் கத்தறது? ஆமாங்கன்னு சொன்ன வாயில இன்னும் ஈரம் காயலை. தம்பி அவருக்குப் பின்னாலயே வாசல் வரைக்கும் ஓடினான். அவங்க வந்த வண்டி பழைய ஜீப்பு. அது கிளம்பிப் போயிருச்சு. இவனோட கார் எலுமிச்சம்பழத்தோட அங்கயே நின்னுச்சு.

தம்பி மக அழுகலை. மறுநாள் நாமக்கல்லுக்கு வந்தா. "அத்தே, அந்த அசல் படத்தைக் குடுங்க. நான் போயிக் காட்டறேன்," அப்படின்னா. நான் விடலை. "நீ போகக் கூடாது சாமி. பொய் சொன்னவதான் போகணும்," அப்படின்னு சொல்லிட்டு நானே சங்ககிரிக்குப் பஸ் ஏறினேன். படத்தை மடியிலயே வச்சுக்கிட்டேன்.

அந்த மனுசன் தொட்டிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும், "வாங்கக்கா"ன்னு கட்டில்ல உட்கார வச்சாரு. நான் சுத்தி வளைக்கலை. படத்தை எடுத்துக் கையில குடுத்தேன். காக்கிச் சட்டை, இடப்பக்கக் கதவு, வேஸ்ட் துணி. "எங்கப்பா டிரைவருங்க. கார் தோட்டத்துக்காரருதுங்க. என் தம்பி ஒரு பவுசுக்காரன், அவன் பேச்சைக் கேட்டு இந்தப் புள்ளையைத் தள்ளிறாதீங்க," அப்படின்னேன்.

அவரு ஈரக் கையை வேட்டியில துடைச்சுட்டுப் படத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. அந்தத் துணியைத்தான் பாத்தாரு. அவரு கண்ணு கலங்கினது எனக்குத் தெரிஞ்சுது. எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. அப்புறம் படத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு, பத்திரமா எங்கிட்டத் திருப்பிக் குடுத்தாரு.

"உங்க தம்பி சொன்னதை நான் அப்பவே நம்பலீங்க அக்கா. நீங்க உள்ளதைச் சொல்லுவீங்கன்னுதானுங்க உங்ககிட்டக் கேட்டேன்."

இத்தனை மாசம் தம்பியை வைஞ்ச வாய்தான். ஆமாங்கன்னு சொன்னதும் அதே வாய்தான்னு நெனச்சுக்கிட்டே, படத்தை மடியில வச்சுக்கிட்டுத் திரும்பிப் பஸ் ஏறினேன்.