கறை என்று நினைத்த கேள்விகள்

ஜெர்சி சிட்டியில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருப்பவர் ஒரு பிலிப்பினோ நர்ஸ். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நானும் என் ரூம்மேட்டும் அவரை அக்கா என்றே கூப்பிடுவோம். அவர் பேசுவது ஆங்கிலம்தான். என் நினைவில் என்னவோ எல்லாம் தமிழாகவே பதிந்திருக்கிறது.

அக்காவின் அப்பா மணிலாவில் கல்லூரி வரலாற்று ஆசிரியர். நாட்டை ஆண்டவர்கள் எழுதிவைத்த கதை போதும், இனி நாற்று நட்டவர் பக்கமிருந்து எழுதுவோம் என்று கிளம்பினார்களே தேசிய வரலாற்றாசிரியர்கள், அவர்களிடம் படித்தவர். சொந்தமாகப் புத்தகம் எதுவும் போடவில்லை. இறந்தபோது விட்டுச் சென்றது பதினொரு பாட நோட்டுகள்.

பிலிப்பைன்ஸை அமெரிக்கா ஆண்டது என்பதே எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். அமெரிக்க வங்கிக்குக் கோட் எழுதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பனியே விழாத ஊரில் பிள்ளைகள் அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் பனிமனிதனைப் பற்றிப் படித்தார்களாம். சிரித்துவிட்டு யோசித்தேன். திருப்பூர்ப் பள்ளியில் குளிர்காயும் அடுப்பை வரைந்து வண்ணம் தீட்டியவள்தானே நானும். அந்த வாரமே நூலகத்திலிருந்து நான்கு புத்தகங்களைத் தூக்கிவந்தேன்.

"போன மாசம் மண்பானை செய்யப் போன, இந்த மாசம் பிலிப்பைன்ஸா?" என்றாள் ரூம்மேட். "அடுத்த மாசம் என்னடி, நிலாவா?"

நோட்டுகளை அக்கா ஊருக்கு அனுப்பவிருந்தார். அங்கே அவருடைய தம்பியும் வரலாறுதான் நடத்துகிறார். வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பினோக்கள் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை மாதக்கணக்கில் நிரப்பிக் கப்பலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். தபாலை நம்பாத அக்கா அந்தப் பெட்டியை நம்பினார். ஆனாலும் கடல், ஈரம், புயல். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அப்பாவின் எழுத்து மொத்தமும் போய்விடும். "நான் ஸ்கேன் பண்ணித் தரேன்க்கா" என்று குதித்தேன்.

இரண்டு வாரம் வேலை முடிந்து வந்து போனில் பக்கம் பக்கமாக எடுத்தேன். பழுப்பை வெளுக்கும் வசதி ஒன்று ஆப்பில் இருந்தது. போட்டதும் ஒவ்வொரு பக்கமும் சலவைக்குப் போய்வந்த வேட்டிபோல் ஆனது. போனில் இடம் போதாமல், வெளுப்பதற்கு முன் எடுத்த படங்களை அழித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பெருமையாக அக்கா வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டித் தயாராக நின்றது. பன்னிரண்டு மணிக்கு அதை எடுத்துப் போக வேன் வரும். தம்பியின் கல்லூரி திறப்பதற்குள் பெட்டி போய்ச் சேர வேண்டுமானால் அதுதான் கடைசி வேன்.

நாலு பக்கம் பார்த்த அக்காவின் விரல் நின்றது. "ஓரத்துல இருந்ததெல்லாம் எங்க?"

"எதுக்கா? அந்தப் பென்சில் கறையா?"

"கறை இல்லம்மா. பசங்க கேட்ட கேள்வி."

பேனாவில் எழுதியது பாடம். அது தன் ஆசிரியர்களிடமிருந்து அக்காவின் அப்பா கற்றது. அதை மறுத்து வருடாவருடம் மாணவர்கள் சொன்னதும், மீனவர் வீட்டுப் பையன் திருத்தியதும், அவர் தவறை ஒப்புக்கொண்டதும் ஓரத்தில் பென்சிலில் இருந்தன. எல்லாம் அவர்கள் மொழியில். எனக்குப் படிக்கத் தெரியாததை ஆப் அழுக்கு என்று துடைத்தது, நானும் நம்பிவிட்டேன்.

ரூம்மேட்டைக் கூப்பிட்டேன். கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "சாதாரண ஜனங்க குரல், ஜனங்க குரல்னு ஒரு மாசமா உயிரை எடுத்தியே. கரெக்டா அதை மட்டும் அழிச்சிருக்க பாரு."

"திட்டறத அப்புறம் திட்டு. கத்திரி எங்க?"

மூன்று சுருள் டேப் சுற்றிய பெட்டியை அறுத்தோம். டின் இறைச்சி, சாக்லேட், லோஷன், ஷூ எல்லாம் தரையில் பரவின. நோட்டுகள் அடியில், துண்டில் சுற்றிக் கிடந்தன. ரூம்மேட் பக்கம் திருப்ப, நான் இரண்டிரண்டு பக்கமாகப் படம் எடுக்க, அக்கா ஒவ்வொன்றிலும் பென்சில் தெரிகிறதா என்று பார்த்துத் தலையாட்டினார். பழுப்பு, தேநீர் வட்டம், எறும்பு உட்பட எல்லாம் அப்படியே படத்தில் விழுந்தன.

வேன்காரர் வந்தபோது பத்தாவது நோட்டில் இருந்தோம். அவரும் பிலிப்பினோ. நர்ஸ் வீட்டுத் தரை பலசரக்குக் கடையாகக் கிடப்பதைப் பார்த்து, "கட்டறீங்களா, பிரிக்கிறீங்களா?" என்றார். அக்கா கால் மணி நேரம் கேட்டு, காபியைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார். அவர் சும்மா இருக்க மாட்டாமல் முடிந்த நோட்டொன்றைப் புரட்டினார். படித்தார். சிரித்தார்.

"ஒரு பையன் கேக்கறான், 'அமெரிக்காக்காரங்க பள்ளிக்கூடம் கட்டிக் குடுத்தாங்களே சார், நன்றி சொல்ல வேண்டாமா?' உங்கப்பா கீழ எழுதியிருக்காரு, 'அங்க யாரு மொழியில யாரைப் பத்திப் படிச்சோம்? யோசிச்சுட்டு வா.'"

"அவன் என்ன யோசிச்சானாம்?" என்றாள் ரூம்மேட்.

"அது இதுல எழுதல. ஆனா உங்கப்பா சொன்னது பாதிதான். எங்கப்பா அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச இங்கிலீஷ வச்சுத்தான் அவங்ககிட்டயே சண்டை போட்டாரு, துறைமுக யூனியன்ல."

அக்கா விடவில்லை. இருவரும் தங்கள் மொழிக்குத் தாவி, மேசையைத் தட்டி வாதாடினார்கள். கால் மணி முக்கால் மணியானது. வேனை யாரும் நினைக்கவில்லை. எனக்கு அது போதும்; பதினொன்றாவது நோட்டின் கடைசிப் பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.

பெட்டியை மறுபடி நிரப்பினோம். டேப்பைக் கையில் எடுத்த அக்கா, ஏதோ தோன்றியவராக அந்தப் பையனின் கேள்வி இருந்த நோட்டை மட்டும் வெளியே உருவி, ஒரு பென்சிலோடு வேன்காரரிடம் நீட்டினார்.

அவர் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, பையனின் கேள்விக்குப் பக்கத்தில் ஐந்து வரி எழுதினார். நான் அந்தப் பக்கத்தை மறுபடி படம் எடுத்தேன்.